சந்தனப் பொட்டு வைத்த பிரேக்

மாப்பிள்ளை நடுரோட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்ற செய்தி வந்தபோது எனக்குப் பாதி ஜடைதான் தைத்திருந்தார்கள்.

செய்தியைக் கொண்டுவந்தவள் பூக்காரி ராணி. மீதி ஜடைக்கு மல்லிகை போதவில்லை என்று கடைக்கு ஓடியவள், பூவோடு சேர்த்து இதையும் கொண்டுவந்தாள்.

“இன்னா கண்ணு, நீ இங்க குந்திக்கினு கீற? உன் மாப்ள வடக்கு மாட வீதில நட்டநடு ரோட்ல குந்திக்கினு கீறாரு! உங்க நைனா வண்டி நவுர மாட்டேங்குது!”

அம்மா கையிலிருந்த மை டப்பி கீழே விழுந்து உருண்டு பீரோவுக்கு அடியில் போயிற்று. “ஐயையோ, மறுபடியுமா!” என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அறையில் இருந்த மற்றப் பெண்களுக்கு அந்த ‘மறுபடியுமா’ புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கார் ஏன் நின்றது என்றும் தெரியும். பிரேக் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. அது ஏன் அப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பதுதான் எட்டு மாதமாக மயிலாப்பூரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளைக்கு கோட்டு சூட்டு மாட்டி, மாலை போட்டு, திறந்த காரில் உட்காரவைத்து, நாதஸ்வரம் முன்னே போக ஊர்வலமாக மண்டபத்துக்கு அழைத்து வருவார்கள். அதற்கு ஜானவாசம் என்று பெயர். கார் ஏற்பாடு பெண் வீட்டுப் பொறுப்பு. பெண் அதில் தலைகாட்டக் கூடாது. அவள் மண்டபத்தில் ஜடை தைத்துக்கொண்டு சமர்த்தாக இருக்க வேண்டும்.

வாடகைக் கார் வைக்கலாம் என்று நூறு பேர் சொன்னார்கள். “சொந்தக் கார் இருக்கச்சே வாடகைக் காரா?” என்று அப்பா கேட்டார். அந்தச் சொந்தக் காரைப் பற்றி இப்போது சொல்லியாக வேண்டும்.

நிற்காத கார்

போன அத்தியாயத்தில் அப்பாவின் ஏழு சுவர்க் கடிகாரங்களைப் பற்றிப் படித்தவர்களுக்கு அப்பாவின் சுபாவம் தெரிந்திருக்கும். ஓடுகிற பொருளை வாங்க மாட்டார். வாங்கி ஓடவைப்பார்.

கார் என்னைவிட மூத்தது. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார துரை விட்டுப்போனது. மூடி இல்லாத சின்னக் கார், கரும்பச்சை நிறம். மழை வந்தால் குடை பிடித்துக்கொண்டு போவோம்.

அதற்குப் பழைய காலத்துக் கம்பி பிரேக். பெடலை மிதித்தால் நீளமான கம்பிகள் இழுபட்டுச் சக்கரத்தைப் பிடிக்க வேண்டும். கம்பிகளுக்கு வயதாகிவிட்டது. லஸ் முனையில் நிற்க வேண்டுமென்றால் அப்பா நாலு கடைகளுக்கு முன்பே மிதிக்க ஆரம்பிப்பார். பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் அம்மா “நகருங்கோ, நகருங்கோ” என்று குரல் கொடுப்பாள். ஹாரனைவிட அது நன்றாக வேலை செய்தது.

இப்படியே இருந்திருந்தால் பாதகமில்லை. எனக்கு முதலில் பார்த்த வரன் தி. நகரில். பேச்சு முடிந்து, பழத்தட்டுகளோடு தாம்பூலம் மாற்றிக்கொள்ள அப்பா காரில் போனார். அவர்கள் வீட்டு வாசலில் நிற்பதற்காகத் தெருமுனையிலேயே மிதித்தார். கார் நிற்கவில்லை. திறந்திருந்த கேட் வழியாக உள்ளே போய், முற்றத்தில் இருந்த துளசி மாடத்தைப் பெயர்த்துவிட்டுத்தான் நின்றது. அப்பா பழத்தட்டை மடியில் வைத்தபடியே, “நாங்கதான், மயிலாப்பூர்” என்றாராம்.

சம்பந்தம் அதோடு போயிற்று. உண்மையைச் சொன்னால் எனக்கு வருத்தமே இல்லை. அந்தப் பையன் பெண் பார்க்க வந்தபோது, வேலையை எப்போது விடுவாய் என்பதைத் தவிர என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மவுண்ட் ரோட்டில் டைப்பிஸ்ட் வேலை, நானாகத் தேடிக்கொண்டது. துளசிதான் பாவம்.

அப்பாவுக்கு மட்டும் தாங்கவில்லை. என் கல்யாணத்தைத் தானே இடித்துத் தள்ளிவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

எண்ணெய் பிரேக்

மந்தைவெளியில் ஏழுமலை என்று ஒரு மெக்கானிக். அவருடைய ஷெட் என்பது ஒரு பூவரச மரமும் இரண்டு தகரமும். மரத்தடியில் காரை வைத்து நாள் முழுக்க சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

“சார், இந்தக் கம்பி எல்லாம் கடாசிடு. ஹைட்ராலிக் பண்ணிடலாம். உள்ள எண்ணெய் ஓடும். ஒரு வெரல் வெச்சு அமுக்கினா போதும், வண்டி ஆணி அடிச்ச மாதிரி நிக்கும்.”

ஆணி அடித்தது போல என்ற வார்த்தையில் அப்பா விழுந்துவிட்டார்.

வித்தை எளிதுதான். காலுக்குக் கீழே மாஸ்டர் சிலிண்டர் என்று ஒன்று. அதன் தலையில் மூடி போட்ட ஒரு எண்ணெய்க் குடுவை. பெடலை மிதித்தால் எண்ணெய் குழாய்கள் வழியாக ஓடி நாலு சக்கரத்தையும் ஒரே நேரத்தில் பிடிக்கும். காலை எடுத்தால் எண்ணெய் திரும்பி வரும், சக்கரம் விடுபடும்.

புது சாமான் கிடைக்கவில்லை. ஏழுமலை புதுப்பேட்டையில் அலைந்து, லாரியில் மோதி நசுங்கிப்போன ஒரு காரிலிருந்து முழு செட்டையும் கழற்றி வந்தார். தரைப் பலகையைத் தூக்கிப் பார்க்கும்படி, டிரைவர் காலடியிலேயே சிலிண்டரைப் பொருத்தினார். அங்கே இடம் இல்லாததால் சூடான புகைக்குழாய்க்குப் பக்கத்திலேயே அது உட்கார்ந்தது.

எண்ணெய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்துத் திருகைத் திறந்து மூட வேண்டும். மிதித்தது நான். “அமுக்கு பாப்பா... புட்ச்சிக்கோ... வுடு!” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மிதித்தேன். திங்கட்கிழமை ஆபீஸ் மாடிப்படி ஏற முடியவில்லை. அந்த வேலையில்தான் எனக்குக் கார் மேல் ஆசை வந்து, ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸும் எடுத்தேன்.

கார் நின்றது. ஏழுமலை சொன்னபடியே ஆணி அடித்தது போல நின்றது. அப்பா கச்சேரி ரோட்டில் இருபது தடவை நிறுத்திக் காட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. “ஏழுமலை, இது விபத்துல அடிபட்ட வண்டியோட சாமான் இல்லையோ? தோஷம் இருக்குமே.”

“அது இரும்பு சார். அதுக்கு இன்னா தோசம்?”

அப்பா கேட்கவில்லை. மறுநாளிலிருந்து பூஜை முடிந்ததும் சந்தனக் கிண்ணத்தோடு காருக்கு வருவார். பலகையைத் தூக்கி, தோஷமுள்ள சாமானான மாஸ்டர் சிலிண்டருக்கு, அதன் மூடியின் நடு உச்சியில், ஒரு பொட்டு வைப்பார். அதன் மேல் குங்குமம். பழைய பொட்டை அழிக்கக் கூடாது என்பதால் அதன் மேலேயே புதிது. ஒரே மாதத்தில் மூடிக்கு ஒரு கெட்டியான சந்தனக் குடுமி முளைத்தது.

புஸ்

முதல் தடவை அடையாறு போகும்போது பாலத்தின் நட்டநடுவில் நின்றது. யாரும் பிரேக் போடவில்லை. தானாகவே இறுக்கிக்கொண்டது. பின்னால் மூன்று பஸ். ஒரு கண்டக்டர் இறங்கி வந்து அப்பாவைப் பார்த்து, “இன்னா சாமி, காத்து வாங்கிக்கினு கீறியா?” என்று கேட்டார். அரை மணி கழித்து, எல்லாரும் திட்டி ஓய்ந்த பிறகு, கார் தானாகவே விட்டுக்கொடுத்தது.

அப்புறம் பனகல் பார்க் அருகில் நின்றது. ராயப்பேட்டையில் நின்றது. எங்கே போனாலும் முதல் அரை மணி நேரம் தங்கமாக ஓடும். பிறகு இறுக்க ஆரம்பிக்கும்.

ஏழுமலை ஒவ்வொன்றாக மாற்றினார். ரப்பர் வாஷர் ஊதியிருக்கும் என்று வாஷரை மாற்றினார். ஸ்பிரிங் சோம்பலாகிவிட்டது என்று ஸ்பிரிங்கை மாற்றினார். பிறகு குழாய்களை மாற்றினார். எதை மாற்றினாலும் கடைசியில் மூடியைக் கழற்றி, கழுத்து வரை எண்ணெய் ஊற்றி, இறுக்கி மூடுவார். கார் சரியாகிவிடும். இரண்டு நாளில் மறுபடி நிற்கும்.

ஒரு விஷயத்தை அவர் கவனித்திருந்தார். “சார், நின்ன வண்டில மூடிய தொறந்தா புஸ்ஸுனு ஒரு சவுண்டு வருது. யாரோ பெருமூச்சு வுடற மாதிரி.”

அப்பாவின் முகம் மலர்ந்தது. “நான் சொல்லலை? தோஷம் போறதுடா!”

அடுத்த நாளிலிருந்து காலையில் ஒரு பொட்டு, மாலையில் ஒரு பொட்டு.

ஏழுமலைக்கு அந்தச் சந்தனத்தின் மேல் ஒரு பயபக்தி. மூடியைக் கழற்றும்போதெல்லாம் குடுமி உதிராமல் ஓரத்தைப் பிடித்துத்தான் திருகுவார். கழற்றினால் ஒரு வாழையிலைத் துண்டின் மேல் வைப்பார். இரண்டு பெரிய மனிதர்கள், எட்டு மாதம்.

சட்டை அழுக்கானவர்

இதற்கு நடுவில்தான் சேகர் பெண் பார்க்க வந்தார். நேரில் நான் அவர் பெயரைச் சொல்வதில்லை. எழுத்தில் வேறு வழியில்லை.

நங்கநல்லூர்க் குடும்பம். அவருக்கு அப்பா இல்லை. பெரியப்பாதான் எல்லாம். அந்தப் பெரியப்பா வெயில், மழை, சாயங்காலம் எதுவானாலும் கையில் குடை வைத்திருப்பார். வாயைத் திறந்தால் சகுனம். எங்கள் வீட்டுப் படி ஏறும்போது பல்லி எந்தப் பக்கம் கத்தியது என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

சேகர் இரண்டாவது காபி கேட்டு வாங்கிக் குடித்தார். டைப்பிங்கில் நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை என்று கேட்டார். கிளம்பும்போது காரைப் பார்த்தவர், சலவைச் சட்டையோடு தெருவில் மல்லாந்து படுத்துக் காருக்கு அடியில் தலையை விட்டார். “ஹைட்ராலிக்கா! யார் பண்ணினா?” என்று அடியிலிருந்தே கேட்டார். “மிதிச்சது நான்” என்றேன்.

எழுந்தபோது சட்டை முதுகெல்லாம் புழுதி. எனக்கு அந்த நிமிஷமே அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. இந்தக் கல்யாணம் மட்டும் நின்றுபோனால் என்னால் தாங்க முடியாது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

வடக்கு மாட வீதி

இனி மண்டபத்துக்குத் திரும்பலாம்.

“அந்தக் கொடை வெச்ச பெர்சு இன்னா சொல்றாரு தெரியுமா?” என்றாள் ராணி. “வண்டி நின்னா கண்ணாலமும் நிக்கணும்னு அர்த்தமாம். இந்தப் பாட்டு முடியங்காட்டியும் நவுரலன்னா மாப்ளய இட்டுக்கினு நங்கநல்லூர் போறேன்றாரு.”

நான் எழுந்தேன். அம்மா, “ஜெயா, ஜானவாசத்துக்குப் பொண்ணு போகப்படாதுடி!” என்று கையைப் பிடித்தாள். உதறிவிட்டு ஓடினேன். முதுகில் பாதி தைத்த ஜடை அடித்துக்கொண்டு வந்தது. அதில் தைத்துக்கொண்டிருந்த நீள ஊசி நூலோடு தொங்கியது. ஊசியை வாங்குவதற்காக ராணியும் என் பின்னாலேயே ஓடிவந்தாள்.

சந்துக்குள் ஓடும்போது எனக்கு அந்தப் ‘புஸ்’தான் காதில் கேட்டது. எங்கள் வீட்டில் புதிதாக பிரஷர் குக்கர் வாங்கியிருந்தோம். போன வாரம் அதன் மூடித் துளையில் பருப்பு அடைத்துக்கொண்டது. உள்ளே அழுத்தம் ஏறி மூடியே திறக்கவில்லை. அம்மா துடைப்பக் குச்சியால் குத்தியபோது, இதே புஸ்.

நான் நடுச் சந்தில் நின்றுவிட்டேன். பிறகு இரண்டு மடங்கு வேகமாக ஓடினேன்.

வடக்கு மாட வீதியில் காஸ் லைட்டுகளுக்கு நடுவே கார், கழுத்து வரை பூ அலங்காரத்தோடு நின்றது. அதன் மேல் கறுப்புக் கோட்டும் ரோஜா மாலையுமாக சேகர். நாதஸ்வரக்காரர் பாட்டை முடித்தால் ஆபத்து என்று தெரிந்து, கடைசி அடியையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். பாவம், முகம் சிவந்திருந்தது.

பின்னால் பத்துப் பேர் காரைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இறுகின பிரேக் தள்ளினால் வராது என்று ஏழுமலை கத்திக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கென்று புது வேட்டி கட்டி டிரைவராக வந்தவர், பூ ஜோடிக்க இடம் வேண்டுமென்று ஸ்பேனர் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டார்.

“மூடியையாவது தொறக்கட்டா சார்?”

“தொடாதே!” என்றார் அப்பா. வியர்வையில் அவர் நெற்றி விபூதி கரைந்து மூக்கில் இறங்கியிருந்தது. “ஊர்வலத்துக்குன்னு விசேஷமாச் சாத்தியிருக்கேன். பாதி வழியில கலைச்சா அபசகுனம்!”

காருக்கு எதிரே நடுரோட்டில் பெரியப்பா குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். “பிள்ளையாண்டானே, இறங்கு. நமக்கு இது பிராப்தம் இல்லை.”

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். நாதஸ்வரம் சட்டென்று நின்றது.

“ஏழுமலை, அந்த மூடியில துளை இருக்கா?”

“கீதும்மா. நடு உச்சில, காத்து போவ வர...” என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்தினார். மெதுவாக அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

காலியாக இருந்த டிரைவர் சீட்டில் குப்புறப் படுத்து, தலையைக் கீழே விட்டுப் பலகையைத் தூக்கினேன். எட்டு மாதச் சந்தனம் எலுமிச்சம்பழ அளவுக்கு மூடியில் நின்றது. துளை அடைபட்டதால், புகைக்குழாய்ச் சூட்டில் ஊதிய எண்ணெய் போக வழியில்லாமல் பிரேக்கை அமுக்கிக்கொண்டிருந்தது. ஜடையிலிருந்து ஊசியைப் பிடுங்கி அதன் நடுவில் குத்தினேன்.

“ஜெயா! அதுல கை வைக்காதேடி!” என்று அப்பா அலறினார்.

புஸ்ஸ்ஸ்.

சக்கரம் விட்டது. பின்னால் பத்துப் பேர் இன்னும் முழு மூச்சோடு தள்ளிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு மறந்துவிட்டது. கார் ஒரே பாய்ச்சலாகக் கிளம்பியது. ஸ்டீயரிங்கில் ஆள் இல்லை. என் கால்கள் வெளியே, தலை உள்ளே. “பெரியப்பா! நகருங்கோ!” என்று சேகர் கத்தினார். நான் பெடலை இரண்டு கையாலும் அமுக்கினேன்.

ஆணி அடித்தது போல நின்றது. சேகர் முன்சீட்டுக்கு வந்து விழுந்தார். மாலை அவிழ்ந்து தவில்காரர் மேல் விழுந்தது.

நான் தலையை வெளியே எடுத்துப் பார்த்தேன். பம்பர் பெரியப்பாவின் குடையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் அசையவில்லை. சிறிது நேரம் பம்பரையே பார்த்தார்.

“பிரேக் நன்னாத்தான் பிடிக்கறது” என்றார்.

பிறகுதான் அவருக்கு நான் கண்ணில் பட்டேன். கூறைப்புடவை வாங்கப்போகிற பெண், கையெல்லாம் எண்ணெயும் சந்தனமுமாக. “இதென்ன! ஜானவாசத்துல கல்யாணப் பொண்ணு வந்து நிக்கலாமோ?”

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

சேகர் முன்சீட்டிலிருந்து நிதானமாக எழுந்து கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார். “கல்யாணப் பொண்ணு மண்டபத்துல இருக்கா பெரியப்பா. இது மெக்கானிக்.”

பெரியப்பா ஏழுமலையைப் பார்த்தார். ஏழுமலை ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

“ஆமா சாமி. நம்ம ஷெட்டு ஆளுதான்.”

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு மாட வீதியே சிரித்தது. பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. “அப்போ மெக்கானிக்கை வந்த வழியே போகச் சொல்லு” என்று சொல்லிவிட்டுக் குடையைத் தோளில் போட்டுக்கொண்டு காருக்கு முன்னால் நடந்தார். தவில்காரர் மாலையைத் திருப்பிக் கொடுத்தார். நான் சந்து வழியாக ஓடி, கை கழுவி, மீதி ஜடையையும் தைத்துக்கொண்டேன். ஆரத்தி எடுக்கும்போது பெரியப்பா என்னைப் பார்த்து, பார்க்காதது போல இருந்தார்.

நங்கநல்லூரிலிருந்து

கல்யாணம் முடிந்து நான் கிளம்பும்போது அப்பா காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூடியில் சந்தனம் இல்லை. சுத்தமாகச் சுரண்டி எடுத்திருந்தார். என்னைப் பார்க்காமலேயே, “நீ போயிட்டா இந்த மூடியை யாருடி திறப்பா?” என்றார்.

“துளையை அடைக்கலைன்னா திறக்கவே வேண்டாம்பா” என்றேன். அவர் தலையை ஆட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“நின்னுதுன்னா ஒரு கார்டு போடுங்கோ மாமா, வந்துடறோம்” என்றார் சேகர்.

மூன்றாவது வாரமே கார்டு வந்தது. ‘கார் மறுபடியும் நின்றுவிட்டது. ஏழுமலைக்கு ஒன்றும் புரியவில்லை. உடனே வரவும்.’

நாங்கள் போய்ப் பலகையைத் தூக்கிப் பார்த்தோம். மூடியின் நடுவில், துளையின் மேல் சரியாக, ஈரம் காயாத ஒரு சந்தனப் பொட்டு. ஏழுமலை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா வானத்தைப் பார்த்தார்.

அதன்பின் மாதத்துக்கு இரண்டு தடவையாவது அந்தக் கார் நின்றது. சந்தனம் எப்படி ஏறியது என்று நாங்கள் ஒரு நாளும் கேட்கவில்லை. நாங்கள் போனதும் முதலில் அம்மா காபி கொண்டுவருவாள். அப்புறம் சாப்பாடு, அப்புறம் ஊர்க்கதை. சாயங்காலம் கிளம்பும் நேரத்துக்குத்தான் மூடியைத் திறப்போம்.